எக்ஸிபிஷன் மேட்ச் பார்த்து ஏமாந்தவர்களும் ஏமாறாதவர்களும்

சோளக்காட்டுக்காரன்:

அக்டோபர் கடைசி வாரம் வந்தாலே எனக்குக் கை அரிக்கும். கணக்கில் சேராத ஒரே ஒரு காலேஜ் பேஸ்கட்பால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மார்ச் மாதத் தேசியப் போட்டி வரைக்கும் அணிக்கு ஜாதகம் எழுதிவிடுவேன். இந்த வியாதி ஒட்டிக்கொண்டது 2023 அக்டோபர் 29 அன்று, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்டேட் ஃபார்ம் சென்டரில். அப்போது ஷாம்பேனில் முதுகலை இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே வந்தது கன்சாஸ். சீசனுக்கு முந்தைய ஏபி செய்தி நிறுவனத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம். வழக்கமாக இந்த நாட்களில் பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரி ஒன்றைக் கூப்பிட்டு, 40 புள்ளி வித்தியாசத்தில் அடித்து, கைகுலுக்கி அனுப்பிவைப்பார்கள். இது அப்படி இல்லை. அந்த ஆகஸ்டில் ஹவாயின் மாவி தீவில் லஹைனா ஊரே எரிந்து போனதல்லவா, அதன் நிவாரணத்துக்காக நடந்த ஆட்டம். நல்ல காரியத்துக்கு என்பதால் இரண்டு பெரிய அணிகள் மோத, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ தனி அனுமதி கொடுத்திருந்தது.

‘இது சும்மா ஆட்டம்தானே’ என்று நான் சொல்லியிருந்தால் பக்கத்து சீட்டுப் பையன் அடிக்க வந்திருப்பான். ஆரஞ்சுச் சட்டை போட்ட மாணவர் கூட்டம் மார்ச் மாதம் போலவே கத்தியது. இல்லினாய் 82, கன்சாஸ் 75. வெளியே வரும்போதே எங்கள் கூட்டத்தில் கோப்பையை எங்கே வைப்பது என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். 29 வெற்றி, எங்கள் லீக்கான பிக் டென்னின் கோப்பை, மார்ச் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளில் ஒன்று. அங்கே யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) வந்தது. 23-23 என்று சமமாக இருந்த ஆட்டத்தில் அவர்கள் விடாமல் 30 புள்ளி எடுத்தார்கள், நாங்கள் ஒன்றுகூட எடுக்கவில்லை. அதைப் பற்றி இங்கே வேண்டாம். கன்சாஸோ 11 தோல்வியோடு, இரண்டாம் சுற்றில் கொன்சாகாவிடம் 21 புள்ளியில் அடிவாங்கி வீடு திரும்பியது.

அன்று இரவு நான் கவனித்ததில் உருப்படியானது ஒன்றுதான். கன்சாஸின் முதல் ஐந்து பேரில் ஒருவர் உட்கார்ந்தால், எழுந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. மார்ச் வரைக்கும் அது மாறவில்லை. ஸ்கோர் போர்டு சொன்னதைவிட அந்த பெஞ்ச் அதிகம் சொல்லியது.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள். நேரில் பார்த்த ஆட்டமாக இருக்கட்டும். பார்த்துவிட்டு என்ன நினைத்தீர்கள், அப்புறம் என்ன ஆனது?

பனி அள்ளுபவர்:

தம்பி, நீங்கள் ஜெயித்த கதையைச் சொல்லிவிட்டீர்கள். நான் தோற்ற கதை சொல்கிறேன், ஆனால் முடிவு சுபம்.

2009 நவம்பர் 3, சிராக்யூஸ். ஊருக்கு அந்தப் பக்கம் லெமோய்ன் என்று ஒரு கல்லூரி. அப்போது பெரிய அணிகளுக்கு ஒரு படி கீழே, இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் அரங்கான கேரியர் டோமிலிருந்து காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆந்திராவிலிருந்து அப்போதுதான் வந்த என் ரூம்மேட்டின் தம்பி ஒருவனுக்கு அமெரிக்க விளையாட்டு காட்டலாம் என்று மூன்று பேராகப் போனோம். ‘நம் ஆட்கள் துவைத்து எடுப்பார்கள், பாரு’ என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

துவைத்தார்கள், எங்களை. 82-79. கடைசிச் சில நொடிகளில் ஒரு த்ரீ பாயிண்டர் போட்டு லெமோய்ன் ஜெயித்தது. டோம் அவ்வளவு அமைதியாக நான் கேட்டதே இல்லை. அந்தத் தம்பி என்னைப் பார்த்து, ‘அண்ணா, இவர்கள்தான் பெரிய டீமா?’ என்றான். பஸ் வரும்வரை யாரும் பேசவில்லை.

எங்களுக்கு ஏற்கெனவே பயம் இருந்தது. ஜானி ஃப்ளின், டெவன்டார்ஃப், பால் ஹாரிஸ் என்று மூன்று தூண்களும் அந்தக் கோடையில் போய்விட்டார்கள். ஆக, தீர்ப்பு எழுதியாகிவிட்டது: இந்த வருடம் அவ்வளவுதான்.

இரண்டே வாரம். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கலிபோர்னியாவை அடித்து, அடுத்து வட கரோலினாவை 87-71 என்று அடித்தார்கள். மார்ச்சில் நாட்டிலேயே முதலிடம். சீசன் முடிவில் 30 வெற்றி, 5 தோல்வி. அயோவா ஸ்டேட்டிலிருந்து மாறி வந்து ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்த வெஸ்லி ஜான்சன், எங்கள் லீக்கான பிக் ஈஸ்டின் சிறந்த வீரர் ஆனார்.

பின்னால் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு எங்கள் கோச் போஹைம், ஆளுக்கு ஒரு பகுதியைக் காக்கும் தன் உயிர்மூச்சான 2-3 ஜோனை ஓரமாக வைத்துவிட்டு, வெகுநேரம் ஆளுக்கு ஆள் காக்கும் மேன்-டு-மேன் ஆடவிட்டார். அவர் ஜெயிக்க ஆடவில்லை, பரிசோதனை செய்துகொண்டிருந்தார். நாங்கள் பரிசோதனைக் கூடத்துக்குள் உட்கார்ந்து சாப்பாடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

லூயிவில் அண்ணாச்சி:

கொடுத்து வைத்தவர். உங்கள் கதையை நானும் ஒரு சீசன் முழுக்கத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன், பனி சார். ‘சிராக்யூஸ்கூட லெமோய்னிடம் தோற்றது, கவலைப்படாதே’ என்று ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தினமும் தேற்றுவார்.

2022 அக்டோபர் 30. யம் சென்டர். 22,000 பேர் உட்காரும் அரங்கு, அன்று காலி இருக்கைகள்தான் அதிகம். எதிரணி லெனோய்ர்-ரைன். பெயரை உச்சரிக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது. வட கரோலினாவின் ஹிக்கரி ஊர்க் கல்லூரி, இரண்டாம் பிரிவு. அவர்கள் 57, நாங்கள் 47.

தோற்றது பெரிதில்லை ஐயா. 40 நிமிடத்தில் 47 புள்ளி! சொந்த அரங்கில்! பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் எங்கே ஓடுகிறார் என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஒருவர் பாஸ் போட்ட இடத்தில் யாரும் இல்லை, பந்து நேராக விளம்பரப் பலகையில் போய் மோதியது. என் மகன் அதற்குக் கைதட்டினான். அவனுக்கு ஆறு வயது, எல்லாவற்றுக்கும் தட்டுவான்.

அப்புறம் சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம், ஊருக்குள்ளேயே இருக்கும் பெல்லார்மினிடம் ஒரு புள்ளியில் தோல்வி. இரண்டாவது ரைட் ஸ்டேட், ஒரு புள்ளி. மூன்றாவது அப்பலாச்சியன் ஸ்டேட், அதுவும் ஒரே புள்ளி. மொட்டைக் கடுதாசி போட்டு சபித்த மாதிரி. முதல் ஒன்பது ஆட்டமும் போயே போச்சு. கடைசியில் 4 வெற்றி, 28 தோல்வி.

இதோடு விட்டேனா? அடுத்த வருடம் 2023 அக்டோபரிலும் போனேன். கென்டக்கி வெஸ்லியன், 71-68, மறுபடியும் தோல்வி. அந்த சீசன் 8-24. எங்கள் ஊரில் முதல் கோணல் முற்றும் கோணல்தான், சார். சிராக்யூஸ் கதையை இனிமேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

அண்ணாச்சிக்கு அனுதாபங்கள். ஆனால் நீங்கள் இருவருமே ஒரே மாதிரி ஆட்டத்தைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். தோல்வியை ஒதுக்கிவிட்டு, எப்படித் தோற்றார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். சிராக்யூஸ் 79 புள்ளி எடுத்துத் தோற்றது, காவலில் ஓட்டை. அது கோச் வேண்டுமென்றே திறந்து வைத்த ஓட்டை. லூயிவில்லுக்கு இரண்டாம் பிரிவு அணிக்கு எதிராகவே கூடையில் பந்து விழவில்லை. முதலாவது சரியாகும், இரண்டாவது ஒரு வாரத்தில் சரியாகாது.

நான் எக்ஸிபிஷன் பார்க்கப் போனால் இரண்டாம் பாதியைக் கண்டுகொள்வதே இல்லை. முதல் பாதியில் 16 நிமிடம் மீதி இருக்கும்போது விளம்பர டைம்அவுட் வரும் பாருங்கள், அது முடிந்து யார் யார் உள்ளே வருகிறார்கள்? ஆறாவது ஆள் யார், ஏழாவது யார் என்று கோச் மனதில் இருப்பது அங்கே வெளியே வந்துவிடும். டிவி பேட்டியில் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போது இது முன்னைவிட முக்கியம். யார் வேண்டுமானாலும் வருடாவருடம் கல்லூரி மாறலாம் என்று ஆனபிறகு, அக்டோபரில் பாதிப் பேரின் முகமே நமக்குத் தெரியாது. 2024இல் கென்டக்கியின் கோச் கலிபாரி ஆர்க்கன்சாவுக்குப் போனபோது அங்கே அணி என்று ஒன்றே இல்லை என்று அவரே சொன்னார். ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்த்த ஆட்களோடு அக்டோபர் 25 அன்று, மறுபடியும் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த அதே கன்சாஸை 85-69 என்று அடித்தார்.

லாரன்ஸ்வாசி:

கணக்குப்பிள்ளை, மீதியையும் சொல்லுங்கள். அந்த ஆர்க்கன்சா தன் லீக்கான எஸ்இசியில் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றது. ‘எக்ஸிபிஷன் சாம்பியன்’ என்று நாங்கள் கன்சாஸ் பல்கலைக்கழக ஊரான லாரன்ஸில் கிண்டல் அடித்துக்கொண்டிருந்தோம். மார்ச்சில் என்சிஏஏ போட்டியில் எங்களுக்கு முதல் சுற்றில் வாய்த்தது யார்? அதே ஆர்க்கன்சா. 79-72, மறுபடியும் அடி. அக்டோபரில் பார்த்த படத்தையே மார்ச்சில் திரும்பப் போட்டார்கள்.

எனக்குப் பிடித்த எக்ஸிபிஷன் வேறு. 2017 அக்டோபர் 22, கன்சாஸ் சிட்டி, எதிரணி மிசூரி. தெரியாதவர்களுக்கு: இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் பரம்பரைப் பகை. மிசூரி லீக் மாறிப் போன கோபத்தில் 2012க்குப் பிறகு ஆடுவதே இல்லை என்று எங்கள் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். புயல் நிவாரணத்துக்குத்தான் அந்தப் பேச்சுவார்த்தை திரும்ப ஆரம்பித்தது. பங்காளிச் சண்டையில் பேசாமல் இருந்த இரண்டு குடும்பம் துக்க வீட்டில் சந்தித்த மாதிரி இருந்தது. 93-87, நாங்கள் ஜெயித்தோம். கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் வசூல்.

அன்று மிசூரிக்கு மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் ஆடினார். புது மாணவர், நாடே அவரைத்தான் பேசியது. எதிரணி ஆள் என்றாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு உயரத்துக்கு அவ்வளவு லாகவமாகப் பந்து எறிவதை நேரில் பார்த்தால்தான் தெரியும். சீசனின் முதல் ஆட்டத்தில் இரண்டே நிமிடம், முதுகில் காயம், அறுவை சிகிச்சை. மார்ச்சில் இரண்டு ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார், அதோடு என்பிஏ. ஆக, அவருடைய கல்லூரிக் காலத்தில் முதுகு நன்றாக இருந்தபோது ஆடிய முழு ஆட்டம், கணக்கிலேயே சேராத அந்த ஒன்றுதான். டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

லான்சிங் அம்மா:

நான் பேஸ்கட்பால் தெரிந்தவள் இல்லை. மகன் மிச்சிகன் ஸ்டேட்டில் படித்தான், அதனால் கற்றுக்கொண்டேன். சோளக்காட்டுத் தம்பி சொன்ன அதே நாளில், அதே மாவி நிவாரணத்துக்காக, இங்கே பிரெஸ்லின் சென்டரில் டென்னசியோடு ஆட்டம். 89-88 என்று ஒரு புள்ளியில் தோற்றோம். டால்டன் நெக்ட் என்ற பையன் எந்தப் பக்கம் திரும்பினாலும் போட்டான். வீட்டுக்கு வந்து, ‘ஒரு புள்ளிதானே, நம் பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள்’ என்று பாயசம் வைத்தேன்.

எட்டு நாள் கழித்து முதல் ஆட்டம், ஜேம்ஸ் மேடிசன். பட்டியலில் நாங்கள் நான்காம் இடம். த்ரீ பாயிண்டர் இருபது எறிந்து ஒன்றே ஒன்று விழுந்தது. இருபதில் ஒன்று! ஓவர்டைமில் தோல்வி, 79-76. மகன் போனில், ‘அம்மா, அந்தப் பாயசத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றான்.

பக்கத்து வீட்டுக்காரர் 2007இல் கிராண்ட் வேலி ஸ்டேட்டிடம் இரண்டு ஓவர்டைம் ஆடித் தோற்றதை இன்றைக்கும் சொல்வார். அந்த வருடம் கடைசி 16 வரை போனார்களாம். அவர் தோல்வியைச் சொல்லும் போதெல்லாம் சிரிப்பார், அதனால்தான் எனக்கு அந்த வருடம் நன்றாகப் போயிருக்கும் என்று தெரிந்தது.

ஸ்காபரோ பெடியன்:

நாங்கள் எக்ஸிபிஷனுக்கு அக்டோபர் மட்டும் காத்திருக்கவில்லை. 2023 ஜூலையில் கென்டக்கியே டொராண்டோவுக்கு வந்தது. குளோபல் ஜாம் என்று ஒரு போட்டி, அமெரிக்காவின் பெயரில் கென்டக்கி ஆடியது. பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்தான் அரங்கு. இப்ப கீழே பெரிய பலசரக்குக் கடை, மேலே மைதானம். மச்சானுக்கு மாம்பழம் வாங்கவும் ஆட்டம் பார்க்கவும் ஒரே கட்டடம் போதும்.

நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி, தங்கம். ரீட் ஷெப்பர்ட், டில்லிங்ஹாம், வாக்னர் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த சூட்டோடு வந்த பெடியள். அவர்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு நானும் மச்சானும் சப்வேயில் வீடு போகும் வரைக்கும் அதையே கதைத்தோம். அமெரிக்காவிலிருந்து நீல உடுப்போடு கார் ஓட்டி வந்த சனம் எங்களைவிட மோசம், ஒன்பதாவது தேசியக் கோப்பை என்று அன்றைக்கே முடிவு.

மார்ச்சில் முதல் சுற்று, ஓக்லண்ட். மிச்சிகன் ஓக்லண்ட், கலிபோர்னியா ஓக்லண்ட் இல்லை, அதையே அன்றைக்குத்தான் அறிந்தேன். ஜாக் கோல்கி என்பவர் பத்து த்ரீ பாயிண்டர் போட்டார். 80-76, கதை முடிந்தது. அடுத்த மாதமே கலிபாரி ஆர்க்கன்சாவுக்குப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் டொராண்டோவிலேயே தெரிந்தது. நெட்டையான பெடியள் காயத்திலும் தாமதத்திலும் வரவில்லை, எல்லாரும் ஓட்டமும் எறிதலும்தான், தடுப்பு என்ற ஒன்று இல்லை. நாங்கள் கண்டும் காணாமல் விட்டோம். புள்ளி விழ விழச் சந்தோசமாக இருந்தது.

சோளக்காட்டுக்காரன்:

ஸ்காபரோ அண்ணை சொன்னதைத்தான் நான் கன்சாஸ் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். கண்ணில் படுகிறது, ஆனால் நம் அணி ஜெயிக்கும்போது அதைப் பார்க்க மனம் வருவதில்லை. எதிரணியில் என்றால் உடனே தெரிகிறது!

அண்ணாச்சி, 2024இல் போனீர்களா? உங்கள் ஊரில் பேட் கெல்சி கோச்சாக வந்தபிறகு நிலைமை மாறியதே.

லூயிவில் அண்ணாச்சி:

போகவில்லை தம்பி. இரண்டு வருடம் பட்டது போதும் என்று அக்டோபர் முழுக்க அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. சீசன் 27-8. முதல் சுற்றில் கிரெய்டனிடம் தோற்றது தனிக் கதை, ஆனால் 27 வெற்றி!

என் மனைவி இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள். கோச் மாறியதோ, புது ஆட்கள் வந்ததோ காரணம் இல்லையாம், நான் எக்ஸிபிஷனுக்குப் போகாததுதான் காரணமாம். இந்த வருடம் ஆபீஸில் சும்மா கொடுத்த டிக்கெட் இரண்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. தொட்டால் கை உடையும் என்கிறாள். ஊரில் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பார்க்கிங் செலவு மட்டும் உங்களுடையது. 16 நிமிட டைம்அவுட் முடிந்து யார் உள்ளே வந்தார்கள் என்று மட்டும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.