விடத்தல்தீவுக் கடலில் ஒரு காலை

வன்னிக் கடல் என்றதும் பலருக்கும் முல்லைத்தீவுதான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது மேற்குக் கரையைப் பற்றி. மன்னார் - பூநகரி வீதியை விட்டு இறங்கினால் வரும் விடத்தல்தீவில், போன மாசியில் நண்பனும் நானும் ஆளுக்கொரு கயாக்கில், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறிய படகில், போனோம்.

மாசியில் போனதற்குக் காரணம் உண்டு. வாடை என்கிற வடகிழக்குக் காற்று அடங்கியிருக்கும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது. இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் விடியப்புறம் காற்று கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே கயாக் வெளியே போய்க்கொண்டிருக்கும். சுகம்தான். ஆனால் அதே காற்றுதான் திரும்பும்போது முகத்தில் அடிக்கும் என்பதால் கரை மரங்கள் தெளிவாகத் தெரியும் தூரத்தைத் தாண்டக்கூடாது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவும் கூடாது. அடியில் சேறு, கால் வைத்தால் இழுக்கும்.

இறங்குதுறையிலிருந்து வெளியே போகும் வாய்க்காலின் இரு பக்கமும் கண்டல் காடு. தண்ணீர் வற்றியிருந்த நேரம், கண்ணா மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே குத்திட்டு நின்றன. எஞ்சின் படகில் இந்த இடத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். நாங்கள் ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தோம். வெளியே வந்தால் தண்ணீருக்கடியில் கடற்புல். ஆவுளியா, அதுதான் கடற்பசு, மேய்வது இந்தப் புல்லைத்தான். இந்தப் பகுதியில் 29,000 ஹெக்டேயருக்கும் மேலான பரப்பு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கடலடியை அரித்துக்கொண்டு இழுக்கும் வலையான இழுவைமடி இந்தப் புல்லை வேரோடு அள்ளிக்கொண்டு போகும். 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது எவ்வளவு அவசியமான காரியம் என்று அந்தப் புல்லுக்கு மேலே மிதந்தபோது எனக்கு நன்றாகவே உறைத்தது.

அப்புறம் ஒரு வள்ளம். வயதான ஒருவர் தனியாக நின்று நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தார். நீல நண்டு. கொடுக்குகளுக்கு எட்டாதபடி பின்பக்கமாகப் பிடித்து, கண்ணி கண்ணியாக விலக்கி, ஒரு கால்கூட முறியாமல் எடுத்தார். கால் முறிந்தால் விலை போகாதாம். கடைசிக் கால்கள் இரண்டும் துடுப்பைப் போலத் தட்டையாக இருப்பதை அவர்தான் தூக்கிக் காட்டினார். அதை வைத்துத்தான் நண்டு நீந்துகிறது.

“ஐயா, அந்தப் பக்கம் போகலாமா?” என்று வடக்கே கையைக் காட்டினேன்.

“வேண்டாம் தம்பி. அங்கால நாரை மேயுது. கிட்டப் போனா எல்லாம் எழும்பிடும். இங்கயே நில்லுங்கோ, தானா வரும்.”

துடுப்பைப் போடாமல் காத்திருந்தோம். முதலில் வெள்ளைக் கோடு ஒன்றுதான் தெரிந்தது. பூநாரைக் கூட்டம் மேய்ந்தபடியே எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, காலால் சேற்றைக் கலக்கிக் கலக்கி வடிகட்டித் தின்றன. கூட்டம் முழுக்க ஒரே சலசலப்பு. சாம்பல் நிற இளம் பறவைகளும் பெரியவற்றோடு சரிசமமாக மேய்ந்தன. சிறகு விரித்தவைதான் உள்ளே ஒளித்து வைத்த சிவப்பைக் காட்டின.

பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கலைப்பவர்களை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இங்கே தின்று உடம்பு தேற்றும் பறவைகள் அவை. எழுப்பும் ஒவ்வொரு தடவையும் தின்றதில் கொஞ்சம் வீணாகிறது.

போக விரும்புகிறவர்கள் முதல் நாளே துறைக்குப் போய்க் கடற்றொழிலாளர்களிடம் கேளுங்கள். எங்கே வலை கிடக்கிறது, எங்கே கடலட்டைப் பண்ணை வேலி நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கயாக் தாழ்வாக இருப்பதால் மிதப்புகள் கிட்டப் போன பிறகுதான் கண்ணில் படும். வெயில் ஏறுமுன் கரை சேர்ந்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீட்டராவது வேண்டும், வழியில் ஒன்றும் கிடைக்காது.