மறு: ஈசிசி ரேமுக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம். ஈசிசி (Error-Correcting Code) ரேம் என்பது, நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறிவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்த உதவும் ரேம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் எழுதியிருந்தார்:

> "பிழைதிருத்தும் நினைவகம்" என்றே வைத்துக்கொள்ளலாமே. நேராகப் பொருள் தருகிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. அந்த ரேம் எதையும் திருத்துவதில்லை. சாதாரண ரேம் ஸ்டிக்கில் 8 சில்லு (சிப்) என்றால் இதில் 9. ஒவ்வொரு 64 பிட் தரவோடும் இன்னும் 8 பிட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எட்டைக் கணக்கிடுவதும், படிக்கும்போது ஒத்துப்பார்ப்பதும், திருத்துவதும் ப்ராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். குறைந்த செலவில் 128 ஜிபி மெஷின் ஒன்று சேர்த்தேன், 32 ஜிபி ஈசிசி ஸ்டிக் நான்கு. கிராஃபிக்ஸ் கார்டு காசை மிச்சம் பிடிக்க, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ப்ராசசராக எடுத்தேன். மெஷின் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பெயரே பிழைதிருத்தும் ரேம் ஆயிற்றே, அதுபாட்டுக்குத் திருத்திக்கொண்டிருக்கும் என்று இருந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து லினக்ஸில் டிஎம்ஐடிகோட் (வன்பொருள் விவரங்களைக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்த்தால், மொத்த அகலம் 64, தரவு அகலம் 64. முதல் எண் 64+8, அதாவது 72 ஆக இருந்திருக்க வேண்டும். அந்த ப்ராசசருக்கு ஈசிசி வசதியே இல்லை. கூடுதல் காசு கொடுத்த ஒன்பதாவது சில்லு நாலு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஸ்டிக்கில் என்ன இருக்கிறதோ அதைப் பெயர் சொல்லட்டும். என் பரிந்துரை: கூடுதல் பிட் "சாட்சி பிட்", அதை ஏந்தும் ரேம் "சாட்சி நினைவகம்". தீர்ப்பு சொல்பவர் வேறு ஆள் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சொல் எவ்வளவு தூரம் தாங்குகிறது பாருங்கள். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் 8 பிட்டுக்கு ஒரு பாரிட்டி பிட், அதாவது 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்க்க உதவும் பிட். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா ரெட்டையா" கேட்போமே, அதே கணக்கு. (பாரிட்டிக்கு "ஒற்றையிரட்டை" என்பதே போதும் என்பேன்.) அந்த ஒரே சாட்சிக்கு ஏதோ தப்பு நடந்தது தெரியும், யார் என்று தெரியாது. அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு சாட்சியும் வேறு வேறு பிட் கூட்டத்தைப் பார்த்து வைக்கிறது. 64 பிட்டுக்கு 7 சாட்சி இருந்தால், அவற்றின் வாக்குமூலங்களைச் சேர்த்துப் பார்த்துப் புரண்ட பிட் எது என்று கை காட்டிவிடலாம். எட்டாவது எதற்கு? இரண்டு பிட் ஒன்றாகப் புரண்டால் கண்டுபிடிக்க. அப்போது திருத்த வழியில்லை, பெரும்பாலும் மெஷின் நின்றுவிடும்.

சரி, சாட்சி பிட்டே புரண்டால்? அதையும் இதே கணக்கு பிடித்துவிடும். அதற்குச் சொல் தேடவே வேண்டாம், "பிறழ்சாட்சி" தினமும் செய்தித்தாளில் வருகிறது.

சாட்சி வடசொல் என்று இங்கே இரண்டு பேராவது எழுதுவீர்கள், தெரியும். "சான்று நினைவகம்" என்றால் சான்றிதழ் வாங்கிய ரேம் போலக் கேட்கிறது. "கரி" பழைய சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் "கரி நினைவகம்" என்றால் கருகிப்போன ரேம் என்றுதான் நினைப்பார்கள்.

"பிழைதிருத்தம்" என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. ப்ராசசர், தாய்ப்பலகை, ரேம் மூன்றும் கூடி நடக்கும் வேலைக்கு அது இருக்கட்டும். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் வாங்கப் போனால் "எல்லாத்துலயும் ஈசிசி உள்ளேயே இருக்கு சார்" என்கிறார்கள். அது சில்லு தன் வயிற்றுக்குள் செய்துகொள்வது, ப்ராசசருக்கு வரும் வழியில் பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. அதைச் "சில்லகத் திருத்தம்" என்று பிரித்துச் சொல்லலாம்.

அப்புறம், பழைய சர்வர்களிலிருந்து மலிவாக வரும் ரெஜிஸ்டர்டு ரேம் (கட்டளைகளை இடையில் வாங்கி அனுப்பும் ரெஜிஸ்டர் சில்லு உள்ளது). சாதாரண டெஸ்க்டாப் பலகையில் அது வேலை செய்யாது என்பதால் அதற்கும் தனிப் பெயர் அவசியம். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். "பதிவு செய்யப்பட்ட நினைவகம்" மட்டும் வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது.