ரெண்டாம் நம்பர் வயர் (அம்பை வீட்டுக் குழு)

வியாழன் காலை

இசக்கி: எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட மாருதி மறுபடியும் மிஸ் அடிக்கிறது. நேற்று சாரலில் பாபநாசம் போய்த் திரும்பும்போது விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் ஒரே உதறல். இழுவையே இல்லை. மதியம் வெயில் வந்த பிறகு ஓட்டினால் ஒரு குறையும் இல்லை.

இசக்கி: மெக்கானிக், பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக், அதற்குக் கரண்ட் கொண்டுபோகிற பிளக் வயர் ரெண்டையும் மாற்றச் சொல்கிறார். கடையில் கேட்டால் விதவிதமாக எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்க?

செல்வி அத்தை: ஞாயிற்றுக்கிழமை குற்றாலம்னு சொல்லியிருந்தேனே. வண்டி வருமா வராதா? அதை முதலில் சொல்லு.

சுடலை: யோசிக்கவே வேண்டாம் தம்பி. இரிடியம் பிளக் போடு. எட்டு எம்.எம். சிலிக்கான் வயர் செட் சிவப்பு நிறத்தில் ஆன்லைனில் கிடைக்கிறது. லிங்க் அனுப்பவா?

சித்தப்பா: (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம்

பாளை மாமா: சுடலை, கொஞ்சம் பொறு. வாங்குவது பிறகு. இசக்கி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தியா?

இசக்கி: இல்லை மாமா.

பாளை மாமா: இஞ்சின் சூடு ஆறட்டும். பிளக் மாட்டியிருக்கிற இஞ்சின் தலை அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை போயிரும். கழற்றுமுன் சைக்கிள் பம்பால் பிளக் குழியில் ஊது. அங்கே கிடக்கிற மண் சிலிண்டருக்குள் விழக்கூடாது. வயரைப் பிடித்து இழுக்காதே, ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி எடு. பெல்ட் பக்கம் ஒன்றாம் நம்பர். வரிசை மாறாமல் பேப்பரில் வைத்துப் படம் போடு.

வியாழன் மதியம்

இசக்கி: (படம்) மாமா, இடமிருந்து 1, 2, 3.

பாளை மாமா: ஒன்றும் மூன்றும் வெளிர் காப்பி நிறம், நல்லா எரியுது. நடுவில் உள்ளது மட்டும் காய்ந்த கரி. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கா, தொட்டுப் பார்.

இசக்கி: இல்லை. அடுப்புக்கரி மாதிரி விரலில் ஒட்டுது.

பாளை மாமா: அப்ப எண்ணெய் உள்ளே ஏறாமல் தடுக்கிற ரிங், வால்வு சீல் பற்றி இப்போதைக்குக் கவலை இல்லை. எண்ணெய் ஏறியிருந்தால் ஈரமாகப் பளபளக்கும். மூன்றுமே கறுத்திருந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைச் சந்தேகப்படலாம். ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி ஒழுங்காகப் போகவில்லை. சரி, பீங்கானில் எழுதியிருக்கிற நம்பரைப் படி.

இசக்கி: மூன்றும் என்.ஜி.கே. கம்பெனிதான். ஒன்றிலும் மூன்றிலும் கையேட்டில் உள்ள நம்பர். நடுவில் உள்ளதில் எழுத்தெல்லாம் அதே, எண் மட்டும் ரெண்டு கூட.

பாளை மாமா: பார்த்தியா! முன்னாடி எவனோ கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கான்.

இசக்கி: எண் கூடினால் பவர் கூடாதா மாமா? கடைக்காரர் அப்படித்தான் சொன்னார்.

பாளை மாமா: அது பவர் இல்லை, சூட்டுக் கணக்கு. பிளக் நுனி தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்கிற அளவுக்குச் சூடாக இருக்கணும். அதற்கு மேல் சூடானால் பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொண்டு இஞ்சின் தட்டும். என்.ஜி.கே.யில் எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சி, சூட்டைச் சீக்கிரம் இறக்கிவிடும். வேகமாக ஓடுகிற வண்டிக்கு அது சரி. நீ மார்க்கெட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் போய் வருகிறவன். நுனி சூடாகிறதுக்குள் வீடு வந்துரும், கரி அப்படியே படியும்.

பாளை மாமா: இன்னொன்று. பாஷ் கம்பெனி பிளக்கில் இந்தக் கணக்கு தலைகீழ். அதில் எண் கூடினால் சூடு. சாம்பியனும் அப்படித்தான். என்.ஜி.கே. பி.பி.ஆர்.6இ.எஸ்.-க்கு பாஷில் ஈடு டபிள்யூ.ஆர்.7டி.சி. ஒரு கம்பெனியின் ஏழுக்கு இன்னொரு கம்பெனியின் ஏழை யாராவது நீட்டினால் வாங்காதே. ஈடு அட்டவணை பார்த்துத் தரச் சொல்லு.

சுடலை: இது எனக்கே தெரியாது மாமா 🙏

பாளை மாமா: ஒரு சோதனை பாக்கி. பிளக்கை எல்லாம் மாட்டிவிட்டு, இருட்டினதும் பானெட்டைத் திறந்து, லைட் எல்லாம் அணைத்து ஸ்டார்ட் பண்ணு. இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில் இருக்கே, அதால் வயர் மேல் லேசாகப் பனி போலத் தெளி. வேட்டியோடு குனியாதே, பெல்ட்டில் சிக்கும். வயரைக் கையால் தொடவே கூடாது.

செல்வி அத்தை: இவர் இங்கே திண்ணையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் டைப் பண்ணுகிறார். காப்பி ஆறி ஒரு மணி நேரம் ஆச்சு.

வியாழன் இரவு

இசக்கி: மாமா!! ரெண்டாம் வயரில் கிளிப் மாட்டுகிற இடத்தில் நீலமாகப் பொறி பறக்கிறது. டக் டக்கென்று சத்தம் வேற. தண்ணீர் தெளித்ததும் உதறலும் வந்துவிட்டது.

பாளை மாமா: அதுதான் ஆள். பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகிற வயர். தோல் வெடித்த இடத்தில் ஈரம் பட்டால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் இஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். காய்ந்தால் சமர்த்தாகிவிடும். அதனால்தான் சாரலில் மட்டும் படுத்துது. மீட்டர் இருந்தால் ஒவ்வொரு வயரின் மின்தடையும் எத்தனை ஓம் என்று பாரு.

இசக்கி: பார்த்தேன். ஒன்று 5.8 கிலோ ஓம், மூன்று 7.1. ரெண்டாவது வயரை வளைத்தால் எண் எகிறுது, சில நேரம் ஒன்றுமே காட்டவில்லை.

பாளை மாமா: ஒன்றும் மூன்றும் வேறு நீளம், அதனால் அந்த வித்தியாசம் சகஜம். ரெண்டாவது உள்ளே அறுந்தும் போச்சு. ஆனால் செட்டாகவே மாற்று. மூன்றுக்கும் ஒரே வயசு, அடுத்த சாரலில் இன்னொன்று மக்கர் பண்ணும். வோல்ட்டை ஏற்றுகிற காயிலில் இருந்து, மூன்று பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற நாலாவது வயரும் செட்டில் இருக்கா என்று பார்த்து வாங்கு. சில செட்டில் இருக்காது.

சுடலை: அப்ப வயராவது அந்தச் சிவப்பு எட்டு எம்.எம்.?

பாளை மாமா: கலர் ஓடாது சுடலை. எட்டு எம்.எம். என்பது பெரும்பாலும் மேல் தோலின் தடிமன். உள்ளே ஓடுகிற கார்பன் இழைதான் விஷயம். ஏழு எம்.எம்., சிலிக்கான் தோல், இந்த வண்டிக்கென்றே அளவு வெட்டினது போதும். எல்லா வண்டிக்கும் பொதுவென்று விற்பது நீளம் கூடிப்போய் சைலன்சர் குழாயில் உரசும். தடிமன் கூடினால் பழைய கிளிப்பிலும் உட்காராது.

சுடலை: இரிடியம் நல்லதுதானே மாமா? அதையும் மறுக்காதீங்க.

பாளை மாமா: மறுக்கவில்லை. நுனி மெல்லிசு, குறைந்த வோல்ட்டிலேயே பொறி விடும், குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். எல்லாம் உண்மை. ஆனால் கூடுதல் காசு முக்கியமாக ஆயுளுக்குத்தான். சாதாரண நிக்கல் பிளக் பதினைந்து இருபதாயிரம் கிலோமீட்டர் வரும். இசக்கி அவ்வளவு ஓட்டவே பல வருஷம் ஆகும். அந்தக் காசுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் அதற்குள் சுற்றுகிற ரோட்டரும் புதுசு போடலாம். என்னைக் கேட்டால் அதுதான் புத்தி.

இசக்கி: ஆர் எழுத்து இல்லாத பிளக் விலை கம்மி என்கிறார்கள். வாங்கலாமா?

பாளை மாமா: வேண்டாம். ஆர் என்றால் உள்ளே ஐந்து கிலோ ஓம் அளவில் ரெசிஸ்டர் இருக்கு. ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்கும். நான் பத்மினி கார் வைத்திருந்த காலத்தில் ஆர் இல்லாத பிளக், செம்புக் கம்பி வயர் ரெண்டையும் சேர்த்துப் போட்டேன். திருநெல்வேலி வானொலியை 1197-இல் வைத்தால், ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்கச் செய்தி வாசிக்கிறவர் குரலோடு ‘ர்ர்ர்’ என்று ஒரு வண்டும் சேர்ந்து வாசிக்கும்.

செல்வி அத்தை: அந்த வண்டை எங்கள் ஊர் வரைக்கும் கேட்டேன் நான். பெண் பார்க்க அந்தக் காரில்தான் வந்தார்.

சனி காலை

இசக்கி: ஜங்ஷன் பக்கம் கம்பெனி டீலர் கடையில் வாங்கிவிட்டேன். கையேட்டு நம்பரிலேயே மூன்று பிளக், நாலு வயர் உள்ள செட், மூடி, ரோட்டர். அம்பையில் ஒரு கடையில் பாதி விலைக்கு அதே பெயர் போட்ட பிளக் காட்டினார்கள். எழுத்து அழிகிற மாதிரி மங்கலாக இருந்தது. மரையிலும் பிசிறு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பாளை மாமா: நல்ல காரியம். போலிப் பிளக்கில் பீங்கான் வெடித்து சிலிண்டருக்குள் விழுந்தால் அப்புறம் இஞ்சின் வேலைதான்.

பாளை மாமா: இப்ப மாட்டுவது. பிளக்கின் நடு நுனிக்கும் பக்கக் கம்பிக்கும் இடையே கேப் எவ்வளவு என்று கையேட்டில் இருக்கா?

இசக்கி: 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

பாளை மாமா: புதுப் பிளக் என்று அப்படியே போடாதே. பெட்டி கீழே விழுந்திருந்தால் கேப் அடைந்திருக்கும். கேஜ் வைத்துப் பார்த்து, பக்கக் கம்பியை மட்டும் வளை. நடு நுனியில் எதையும் கொடுத்து நெம்பாதே.

பாளை மாமா: பிளக் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, அதைப் பிடித்துத் திருகி இறக்கு. மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், ஸ்பேனர் என்றால் மரையைத் தின்றுவிட்டுத்தான் நிற்கும். கையால் இறுகின பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அவ்வளவுதான். வாஷர் நசுங்குகிறது கையில் தெரியும். கிரீஸ் எதுவும் மரையில் தடவாதே.

இசக்கி: வயர்?

பாளை மாமா: ஒவ்வொன்றாக மாற்று. பழையதில் ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் புதுசைப் போட்டு, பிறகு அடுத்தது. மொத்தமாகப் பிடுங்கினால் சிலிண்டர்களுக்குப் பொறி போகிற 1-3-2 வரிசை குழம்பும். மூடியை மாற்றும்போதும் பழைய மூடியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே வயரை மாற்று. டக்கென்று உட்காருகிற சத்தம் கேட்கணும்.

சனி மாலை

இசக்கி: முடிந்தது மாமா. பாட்டிலால் மழையே பெய்ய வைத்தேன். ஒரு பொறி இல்லை, ஐடிலும் ஆடவில்லை. பாபநாசம் மேல் அணை ஏற்றம் வரை போய் வந்தேன், மூன்றாம் கியரிலேயே ஏறியது.

பாளை மாமா: நல்லது. அந்தப் பழைய ரெண்டாம் வயரை அவசரத்துக்கு என்று டிக்கியில் போட்டு வைக்காதே. ரெண்டாக வெட்டிக் குப்பையில் போடு. இல்லையென்றால் எவனாவது திரும்ப மாட்டுவான்.

சுடலை: மாமா, அப்ப என் ஸ்விஃப்டுக்கு வயர் எப்போ மாற்ற?

பாளை மாமா: உன் பெட்ரோல் ஸ்விஃப்டில் காயில் பிளக் தலையிலேயே உட்கார்ந்திருக்கும், வயரே கிடையாது. மிச்சத்தை போனில் கேளு, உன் அத்தை முறைக்கிறாள்.

செல்வி அத்தை: காலை ஆறு மணி என்றால் ஆறு மணி. மெயின் அருவியில் கூட்டம் ஏறுமுன்னே போய்விடணும்.

சித்தப்பா: (ரோஜாப்பூ படம்) இனிய மாலை வணக்கம். எந்த வண்டி ரிப்பேர்?