ரைட் சகோதரர்கள் நினைவிடம்: குன்றா, திடலா?

தண்டவாளம்: வட கரோலினாவின் கில் டெவில் ஹில்ஸுக்குப் போகிறவர்கள் பலர் குன்றேறி, 60 அடி கருங்கல் கோபுரத்தடியில் படம் எடுத்துவிட்டு, ரைட் சகோதரர்களின் முதல் எஞ்சின் விமானம் அங்கிருந்துதான் கிளம்பியது என்று நினைத்துத் திரும்புகிறார்கள். 1903 டிசம்பர் 17-ல் பறந்தது கீழே, சமதரையில். நேரம் குறைவென்றால் குன்றை விடுங்கள். கிளம்பிய இடத்துப் பாறாங்கல்லிலிருந்து வடக்கே, அன்றைய நாலு பறத்தல்களும் முடிந்த இடங்களைக் காட்டும் நாலு எண் கற்களையும் நடந்து பாருங்கள்: 120, 175, 200, 852 அடி. முதல் மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடும். நாலாவது கல்லுக்கு நடக்கும்போதுதான் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் பறந்த 59 நொடி புரியும்.

காத்தாடி: அநியாயம். 1902-ல் அந்தச் சரிவில் கிளைடரை, அதாவது எஞ்சின் இல்லாத விமானத்தை, நூற்றுக்கணக்கான முறை பறக்கவிட்டுத்தான் சாய்வைக் கட்டுப்படுத்தும் இறக்கை முறுக்கலோடு அசையும் வால் சுக்கானை இணைத்தார்கள். கட்டுப்பாடு கைவந்தது அங்கே. மறு வருடம் எஞ்சினும் உந்துவிசிறியும் ஏறின, அவ்வளவுதான்.

தண்டவாளம்: அந்தச் சரிவு இப்போது எங்கே இருக்கிறது? அது நகரும் மணல்மேடு. நினைவிடம் கட்டுமுன் புல் நட்டுத்தான் நிறுத்தினார்கள். இன்னொன்று: 1903 டிசம்பர் 14-ல் வில்பர் பறக்க முயன்றபோது, விமானம் ஓடிக் கிளம்பும் தண்டவாளத்தைச் சரிவில்தான் போட்டார்கள். மூக்கை அதிகம் தூக்கியதில் வேகம் செத்து, மூன்றரை நொடியில் தரை தட்டியது. அதை யாரும் முதல் பறத்தலாக எண்ணுவதில்லை. 17-ஆம் தேதி 60 அடித் தண்டவாளம் சமதரையில். 12 நொடியில் 120 அடி என்றால் தரைவேகம் மணிக்கு 7 மைல்கூட இல்லை. பறக்கத் தேவையான மிச்ச வேகத்தை மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசிய எதிர்காற்று கொடுத்தது.

கவண்கோபுரம்: அந்தக் காற்றுதான் சிக்கல். அன்று ஒருமுறைகூட வளைந்து திரும்பவில்லை. ஒஹையோவில் டெய்ட்டனுக்குப் பக்கத்து ஹஃப்மன் புல்வெளியில் காற்றுக் குறைவு என்பதால், 1904-ல் கோபுரத்திலிருந்து எடையை விழவைத்து விமானத்தை இழுத்துவிட்டார்கள். முதல் முழுவட்டம் 1904 செப்டம்பர் 20. 1905 அக்டோபர் 5-ல் 39 நிமிடம், 24 மைல். அந்த விமானமே டெய்ட்டன் கரிலன் பூங்காவில் இருக்கிறது. கில் டெவில் ஹில்ஸில் இருப்பது நகல். 1903 அசல் வாஷிங்டனில்.

காத்தாடி: விமானம் பார்க்க டெய்ட்டன், சரி. இடம் பார்க்க இதுதான். குன்றுச்சியில் வடக்கே பார்த்து நின்றால் பறந்த பாதை முழுக்கக் கண்ணில் விழும். கீழே நின்றால் கல் கல்லாகத்தான் தெரியும்.

தண்டவாளம்: அப்படியென்றால் முதலில் நடை, பிறகு ஏற்றம். நிழல் கிடையாது, வெயிலுக்கு முன் முடியுங்கள். பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள்: சப்பாத்திக்கள்ளியும் முள்விதைகளும் உண்டு, ரப்பர் செருப்பு தாங்காது.