மதுரை மெட்ரோ கோப்பு திரும்பி வந்துவிட்டது: அதுவரை என்ன செய்வது, காசு யார் தருவது?

திருநகர்வாசி:

வணக்கம். நவம்பர் 2025ல் மதுரை, கோவை மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியதில் இருந்து எங்கள் பக்கம் டீக்கடையில் யார் மேல் தப்பு என்ற சண்டைதான் ஓடுகிறது. அந்தச் சண்டை இங்கே வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர், ஏறத்தாழ 11,360 கோடி ரூபாய் என்று அறிக்கை. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் மதுரையும் சுற்றுப்பகுதியும் சேர்ந்தே 14.7 லட்சம்தான் என்று கோப்பு திரும்பிவிட்டது. ஆக்ரா, போபால் எல்லாம் அதே 2011 கணக்கில் 20 லட்சத்துக்குக் கீழேதான், அங்கே வேலை நடக்கிறது. நியாயம் கேட்க வேண்டியதுதான், கேட்கட்டும்.

ஆனால் நாளைக்கே சரி என்று சொன்னாலும் ரயில் ஓட எத்தனை வருடம் ஆகும்? என் மகள் மாட்டுத்தாவணிப் பக்கம் வேலை பார்க்கிறாள். இங்கே ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, சிம்மக்கல், கோரிப்பாளையம் நெரிசலில் நின்று போய்ச் சேர வேண்டும். டிக்கெட்டும் இரண்டு, காத்திருப்பதும் இரண்டு. வண்டி வாங்கிக் கொடுப்பா என்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது. மெட்ரோ வரும்வரை மதுரைக்கு உருப்படியாக என்ன செய்யலாம், அதற்கு ஆகும் பணம் எங்கே இருந்து வரும்? பகுதி சபைக் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம் என்று இருக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடல்நகர் ரயிலடி:

அண்ணே, மதுரை வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். மெட்ரோ போவதாக இருந்த பாதையில் தெற்குப் பாதி, அதாவது திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை ஜங்ஷன், இதில் ஏற்கெனவே தண்டவாளம் கிடக்கிறது. அதுவும் மின்சார இரட்டைப் பாதை. வடக்கே கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான். கிழக்கே சிலைமான், திருப்புவனம், மானாமதுரை. மேற்கே போடிப் பாதை, 2010 கடைசியில் மூடி, தேனி வரை 2022லும் போடி வரை 2023லும் அகலப்பாதையாகத் திறந்தார்கள், வடபழஞ்சியும் உசிலம்பட்டியும் அதன்மேல்தான் இருக்கின்றன. நாலு பக்கமும் தண்டவாளம் உள்ள ஊரில், காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு உள்ளூர் ரயில் என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஹைதராபாத்தில் 2003லேயே இதைச் செய்தார்கள். எம்எம்டிஎஸ் என்று பெயர். புதுப் பாதை போடாமல் இருந்த தண்டவாளத்திலேயே உள்ளூர் வண்டி விட்டார்கள். முதல் கட்டச் செலவை மாநிலமும் ரயில்வேயும் பாதிப் பாதி போட்டுக்கொண்டன, இரண்டாம் கட்டத்தில் மாநிலத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. மாநிலம் பங்கு போட்டதால்தான் அது நடந்தது. ரயில்வே தானாக முன்வந்து பத்து ரூபாய் டிக்கெட்டில் திருமங்கலத்துக்கு வண்டி விடும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. அது சென்னை கன்னியாகுமரி மெயின் லைன், நெடுந்தூர வண்டிகளுக்குத்தான் முதலிடம். ஜங்ஷனில் பிளாட்பாரத்துக்கு இப்போதே இழுபறி. அதனால் உள்ளூர் வண்டியை ஜங்ஷனில் நிறுத்திப் போடாமல் கூடல்நகர் வரை கொண்டுபோய்த் திருப்ப வேண்டும், அங்கே கூடுதல் பாதையும் நடைமேடையும் கட்ட வேண்டும். காலையும் மாலையும் அரை மணிக்கு ஒன்று ஓடினாலே திருமங்கலம் ரோட்டின் முகம் மாறிவிடும். தோப்பூரில் எய்ம்ஸ் முழுதாக இயங்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் கூட்டம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஒத்தக்கடை செல்வி:

ரயில் பேசுகிற தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலூர் ரோட்டில் தண்டவாளம் கிடையாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் 1999ல் இந்தப் பக்கம் வந்தது, உயர்நீதிமன்றக் கிளை 2004ல் வந்தது, வேளாண் கல்லூரி அதற்கெல்லாம் முன்னாலேயே இருக்கிறது. ஊர் வளர்வது இந்தப் பக்கம். எங்களுக்கு இருப்பது பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான்.

2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்த ஒரு காரியம் எங்கள் தெருவில் எத்தனை பெண்களை வேலைக்கு அனுப்பியிருக்கிறது என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பதரைக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்ற பெண்கள் டிபன் பையோடு நிற்பார்கள், வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் முன்கண்ணாடியில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒட்டியிருக்காவிட்டால் கால் வலியோடு அதை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்பார்கள். அந்த நேரத்தில் அடுத்தது சீக்கிரம் வராது. மெட்ரோ வந்து ஒரு பக்கத்துக்கு முப்பது ரூபாய் என்றால் இவர்கள் ஏற மாட்டார்கள். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும். ஆனால் மெட்ரோவுக்காக இந்த பஸ்ஸைக் குறைத்துவிட்டால் எங்கள் பக்கம் பாதிப் பேர் வேலையை விடுவார்கள்.

அப்புறம், மாட்டுத்தாவணிக்கும் ஒத்தக்கடைக்கும் நடுவில் ரோடு நன்றாக அகலம். பஸ்ஸுக்கு என்று ஒரு ஓரத்தைத் தனியாகக் கொடுத்தால் என்ன? மதுரையில் இன்றைக்குள்ள கூட்டத்துக்கு பஸ் தனிப்பாதையே பொருத்தம் என்று மத்திய அரசும் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்கிறவர்கள் அதற்கான பணத்தையும் சேர்த்துத் தரட்டும்.

பழைய டிப்போ:

ஓய்வு பெற்ற போக்குவரத்து ஊழியன் நான். எல்லோரும் எந்த வண்டி என்று பேசுகிறீர்கள், தினப்படி ஓட்டும் செலவை யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1972ல் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஓடிய தனியார் டிவிஎஸ் கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நேரத்துக்கு பஸ் விடுவது இந்த ஊருக்குத் தெரியாத வித்தை இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பஸ் கட்டணம் கடைசியாக ஏறியது ஜனவரி 2018ல்.  அதற்குப் பிறகு டீசல், டயர், சம்பளம், பென்ஷன் எல்லாம் ஏறிவிட்டது, கட்டணம் ஏறவில்லை. ஏழை பாழை ஏறுகிற வண்டி, கட்டணத்தை ஏற்றச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் விளைவு என்ன? டவுன் பஸ் ஒவ்வொரு கிலோமீட்டர் ஓடும்போதும் கையை விட்டுப் பணம் போகிறது. ஓடினால் நஷ்டம், ஒரு நடையைக் குறைத்தால் நஷ்டம் குறையும். இப்படி ஒரு ஏற்பாட்டில் யார் உட்கார்ந்தாலும் முதலில் கை வைப்பது ராத்திரி நடையிலும் கிராமத்து நடையிலும்தான். செல்வி அம்மா சொன்ன ஒன்பதரை மணிக் கதைக்கு வேர் இங்கே இருக்கிறது. டிரைவரைத் திட்டியோ கண்டக்டரைத் திட்டியோ புண்ணியம் இல்லை.

இதற்கு வழி, நஷ்டத்தை வருடக் கடைசியில் ஈடுகட்டுவதை விட்டுவிட்டு, இந்த வழித்தடத்தில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓட்டு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன், ஓடாததுக்குப் பிடித்தம் என்று அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். சென்னையில் 2025 ஜூனில் வந்த மின்சார பஸ்களில் தனியார் கம்பெனிக்கு இப்படித்தான் கிலோமீட்டருக்குப் பணம். தனியாருக்கு அப்படித் தர முடிந்தால் சொந்தக் கழகத்துக்கும் தரலாமே. அந்த முறையைக் கழகத்துக்குக் கொடுத்தால் இரண்டே வருடத்தில் மதுரை டவுன் பஸ் நிமிர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

நகரமைப்பு மாணவன்:

டிப்போ ஐயா சொன்னதுதான் அடிப்படை. அந்தக் கிலோமீட்டர் பணம் வருடா வருடம் எங்கே இருந்து வரும் என்பதற்கு என் பங்கு.

மெட்ரோவுக்கு மத்திய அரசு கொட்டிக் கொடுக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. சென்னை இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள், மொத்தம் 63,246 கோடி. அக்டோபர் 2024ல் ஒப்புதல் கொடுத்தபோது மத்திய அரசின் பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனும் (மற்ற கடன்களை அடைத்த பிறகு திருப்பித் தர வேண்டியது) சேர்ந்து 7,425 கோடி. 33,593 கோடி வெளியே வாங்கும் கடன். மற்றதெல்லாம் மாநிலத்தின் தலையில். மதுரைக்கும் பெரும்பகுதி கடனும் மாநிலப் பணமுமாகத்தான் இருக்கும். மதுரை மெட்ரோ அறிக்கைப்படி ஒரு கிலோமீட்டருக்கு 355 கோடி. ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டாலும் அந்த ஒரு கிலோமீட்டர் காசுக்கு 200க்கு மேல் பஸ் வாங்கலாம். நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 612 கோடியில் கட்டி 2023ல் திறந்தபோது இதில் பயணி எத்தனை பேர், லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. பொதுப் போக்குவரத்து என்றால் மட்டும் கேள்வி மேல் கேள்வி.

ஊருக்குள்ளேயே எடுக்க வழி இருக்கிறது. பாதை வருகிறது என்ற பேச்சிலேயே ஒத்தக்கடையிலும் திருமங்கலத்திலும் மனை விலை ஏறுகிறது. அந்த லாபம் முழுக்க மனை விற்பவருக்குப் போகிறது. மகாராஷ்டிராவில் மும்பை, புனே, நாக்பூர் பகுதிகளில் பத்திரப் பதிவின்போது மெட்ரோவுக்காக 1 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள். மதுரையிலும் பெரிய மனைப்பிரிவு, வணிகக் கட்டடம், கூடுதல் மாடி அனுமதி இவற்றில் ஒரு பங்கை எடுத்து, அதைப் பொதுக் கணக்கில் கரைக்காமல் மதுரைப் போக்குவரத்துக்கு மட்டும் என்று தனி நிதியாகப் பூட்டி வைக்க வேண்டும். சின்ன வீட்டு மனை வாங்குபவரைத் தொட வேண்டாம்.

அந்த நிதியை யார் கையில் கொடுப்பது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பஸ் ஒருவரிடம், தண்டவாளம் ஒருவரிடம், நிறுத்தத்து நிழற்குடை மாநகராட்சியிடம், சிக்னல் போலீஸிடம். நெடுஞ்சாலை இன்னொரு கை. சென்னைக்கு இதையெல்லாம் சேர்க்க கும்டா என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. சட்டம் 2010ல் வந்தது, முதல் கூட்டம் நடந்தது 2022ல், பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் செயலி வந்தது 2025ல். மதுரைக்கும் அப்படி ஓர் ஆணையம் வேண்டும். 2017 மெட்ரோ கொள்கையே பெருநகரப் போக்குவரத்து ஆணையம் வேண்டும் என்கிறது. ஆக இதை இன்றைக்கே ஆரம்பிப்பது மெட்ரோ கேட்பதற்கும் பலம்தான். மாநில அரசு இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதே இல்லை.

திருநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆணையமும் தனி நிதியும் எம்எல்ஏவிடம் மனுவாகக் கொடுக்கிறோம். பகுதி சபையில் கேட்பதற்குக் கையில் பிடித்துக் காட்டுவது மாதிரி ஒன்று வேண்டும். மெட்ரோ போவதாக இருந்த அதே திருமங்கலம் ஒத்தக்கடை வழியில் ஒரே டிக்கெட்டில் நேர் பஸ், பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்கலாமா? டிப்போ ஐயா, நடைமுறையில் ஓடுமா?

பழைய டிப்போ:

ஓடும். ஒரே நிபந்தனை, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையக் கூடாது. உள்ளே போய்த் திரும்பி வருவதிலேயே நேரம் போய்விடும். பசுமலை, பழங்காநத்தம், ஜங்ஷன் முன்னால் ரோட்டிலேயே நிறுத்தம், சிம்மக்கல், கோரிப்பாளையம், கே.கே.நகர், மாட்டுத்தாவணி வாசல், நீதிமன்றம், ஒத்தக்கடை. ஜங்ஷன் வாசலில் ஷேர் ஆட்டோ மறிக்காமல் இரண்டு பஸ் நிற்கும் நீளத்துக்கு இடம் ஒதுக்கித் தரச் சொல்லிப் போக்குவரத்துப் போலீஸுக்கும் மனுவின் நகல் போடுங்கள். எல்லா வண்டியும் சாதாரணக் கட்டண வண்டியாக இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் டீலக்ஸ் போர்டு மாட்டி அனுப்பிவிடுவார்கள். கடைசி வண்டி ஜங்ஷனில் இருந்து இரண்டு பக்கமும் ராத்திரி பத்தரைக்குக் குறையாமல் கிளம்ப வேண்டும்.