மதுரை நாட்டின் பழைய காவல் முறை ஏன் ஒழிந்தது?

கேள்வி: மேலூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் மதுரை வட்டாரத்தின் பழைய காவல் முறையைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறேன். கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சி வேரூன்றுவதற்கு முன்பு ஊரையும் வழியையும் காத்தவர்கள் யார், எந்தக் கட்டுப்பாட்டின்படி காத்தார்கள், அந்த ஏற்பாடு எவ்வாறு ஒழிந்தது என்பதைத் தெளிவாக அறிய விரும்புகிறேன். ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்தவற்றைப் படித்தால், காவல் கூலி என்பதே மிரட்டிப் பறித்த பணம் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களோ, காவல்காரர் பொறுப்பேற்ற ஊரில் களத்து நெல்லை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கலாம் என்பார்கள். எதை நம்பிப் பேசுவது?

பதில் 1: வைகைக்கரை (வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்)

ஐயா, முதலில் இதை ஒரு நிர்வாக ஏற்பாடாகப் பாருங்கள். விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களின் தலைவர்கள், கப்பம் கட்டுவதற்கும் படை அனுப்புவதற்கும் மட்டுமல்லாமல், தத்தம் எல்லைக்குள் களவு நடவாமல் பார்த்துக்கொள்வதற்கும் பொறுப்பாளிகளாக இருந்தார்கள். ஊருக்குள் நடந்தது ஸ்தலகாவல்; வழிகளையும் பரந்த நாட்டுப்புறத்தையும் காத்தது தேசகாவல். குடிகள் இதற்கான கூலியைத் தானியமாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும், மீட்க முடியாவிட்டால் ஈடு கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையில்தான் இந்த முறையின் நியாயம் முழுவதும் அடங்கியிருந்தது. திருட்டுக் கொடுத்தவருக்குத் தன் கையிலிருந்து ஈடு தரும் கடமை இன்று எந்தக் காவல் நிலையத்துக்கும் இல்லை என்பதை உங்கள் கூட்டத்தில் அவசியம் சொல்லுங்கள்.

காவல் உரிமை ஆயுதத்தோடு சேர்ந்தே இருந்ததால், கும்பினியாரால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. 1755-இல் கர்னல் ஹெரானின் படை திருமோகூர்க் கோயில் திருமேனிகளைக் கவர்ந்துகொண்டு திரும்பியபோது, இந்த வட்டாரத்தில் காவல் காத்துவந்த கள்ளர் சமூகத்தார் நத்தம் கணவாயில் மறித்துத் தாக்கி அவற்றை மீட்டார்கள். பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிந்ததும், மறு ஆண்டே வந்த ஒழுங்குமுறைச் சட்டம் பழைய காவல் அதிகாரத்தை நீக்கிவிட்டு தரோகாக்களை (கும்பினியின் போலீஸ் அதிகாரிகளை) நியமித்தது. ஊரறியாத அந்தத் தரோகாக்களால் பயன் விளையவில்லை. 1816-இல் அவர்களை விலக்கி, கலெக்டர், தாசில்தார், கிராம முன்சீப், தலையாரி என்ற வரிசையிடம் காவலை ஒப்படைத்தார்கள். வரி தண்டுபவரும் குற்றவாளியைப் பிடிப்பவரும் ஒருவரே ஆனதன் விளைவு, 1855-இல் சித்திரவதைகளை விசாரித்த குழுவின் அறிக்கையில் வெளிப்பட்டது. அதன் பிறகே, 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் அமைந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைமை அதிகாரியானார்.

என் கருத்தில், ஈடு கொடுக்கும் கடமை இருந்தவரை அது காவல். அந்தக் கடமையை வற்புறுத்தும் அதிகாரம் மறைந்த பிறகு எஞ்சிய வழக்கத்தைத்தான் பிற்கால ஆங்கிலேயர்கள் கண்டு எழுதினார்கள்.

பதில் 2: வேடசந்தூர் வாசகி

பெரியவர் சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். அவருடைய முடிவை முழுவதும் ஏற்க இயலவில்லை. எங்கள் முன்னோர் ஆடு வளர்த்துப் பிழைத்தவர்கள். காவல் கூலி கொடுக்க மறுத்த குடியானவனின் மாடு மறுவாரமே காணாமற்போவதும், துப்புக்கூலி (மாடு இருக்கும் இடத்தைச் சொல்வதற்கான பணம்) கொடுத்த பிறகு எங்கோ ஒரு புதரில் கட்டிக்கிடப்பதும் வழக்கமாக இருந்தன. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றை உடன்பாடு என்று எப்படி அழைப்பது? 1896-இல் திண்டுக்கல் பக்கத்துக் குடிகள் பொதுப் பணம் திரட்டி, அந்த நிதியிலிருந்து களவு போன மாடுகளுக்கு ஈடு கொடுத்து, தங்களுக்குள்ளேயே காவலரை வைத்துக்கொண்டார்கள். அதுவே பண்டு (ஆங்கிலத்தில் fund, அதாவது நிதி) இயக்கம். அதன் பெயரால் கள்ளர் குடும்பங்களின் வீடுகள் எரிக்கப்பட்டதும், ஒரு குற்றமும் அறியாதவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதும் எங்கள் தரப்பில் நேர்ந்த அநீதிகள். கொடுத்தவர்களின் பக்கத்தையும் உங்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

பதில் 3: உசிலம்பட்டி ஆசிரியர்

அம்மா எழுதியது நேர்மையான பதிவு. எனினும், அந்த ஒழிப்புக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவடையாது.

எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்று அமைந்த பிறமலைக் கள்ளர் நாட்டில் மழை குறைவு, நிலமும் வறண்டது. காவல் கூலி அங்கே பல குடும்பங்களுக்குப் பிழைப்பின் பெரும்பகுதியாக இருந்தது. அரசு அதைப் பறித்தபோது மாற்றுத் தொழிலோ பாசன நிலமோ தரவில்லை. அதன் பிறகு, 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றமாக்கியது. ஆண்கள் கைரேகை வைக்கவேண்டும், இரவில் ஆஜராகவேண்டும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும் என்றானது. காவல் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள், களவே செய்யாதபோதும் போலீஸ் சாவடியில் படுத்துறங்கும் நிலைக்கு வந்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று சேடபட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில், மாயக்காள் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். அவர்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது.

ஆகவே நண்பரே, காவல் முறை நல்லதா கெட்டதா என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். தவறு செய்த காவல்காரரைத் தனி மனிதராக விசாரித்துத் தண்டிக்கும் வழி 1859-க்குப் பிறகு அரசின் கையில் இருந்தது; அதை விடுத்து, பிறந்த குழந்தைவரை எல்லோரையும் சந்தேகிக்கும் சட்டத்தை அது தேர்ந்தெடுத்தது. என் மாணவர்களுக்கு நான் வலியுறுத்திக் கற்பிப்பது இதையே.

மேலூர் வாசகர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொடுத்தவர், காத்தவர் இரு பக்கத்தையும் சொல்லியே பேசுவேன். இன்னும் ஒரு ஐயம்: அந்த ஏற்பாடுகளில் ஏதேனும் இன்றும் எஞ்சியிருக்கிறதா?

உசிலம்பட்டி ஆசிரியர்:

குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தில் சீர்திருத்தம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட கள்ளர் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. கண்காணிப்பதற்காக வந்த துறையிடமிருந்து எங்கள் மக்கள் கல்வியைப் பெற்றுக்கொண்டார்கள்.

வைகைக்கரை:

பரம்பரைக் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தலையாரி மட்டும் கிராம உதவியாளர் என்ற பெயரில் நீடிக்கிறார். ஊரில் இன்னும் தலையாரி என்றே கூப்பிடுகிறார்கள். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்நிதிக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். களவு வழக்கில் சாட்சி கிடைக்காதபோது இரு தரப்பாரும் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்ட இடம் அது. நீதிமன்றம் வந்த பிறகும் அந்த வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது.