இரைப்பை அடினோமா புற்றாக மாறும் வழி பெருங்குடலில் உள்ளது போன்றதுதானா?

முதுகலை மாணவி:
என் தந்தைக்கு எண்டோஸ்கோபி செய்ததில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஓர் அடினோமா, அதாவது இன்னும் புற்றாகாத சுரப்பித் திசுக் கட்டி, தெரிந்தது. பயாப்ஸி அறிக்கை 'லோ கிரேடு டிஸ்ப்ளேசியா' என்கிறது, அதாவது செல்கள் இயல்பிலிருந்து சற்றே பிறழ்ந்த நிலை. பெருங்குடலில் முதலில் ஏபிசி, பிறகு கேராஸ், கடைசியில் டிபி53 என்று மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாவதாகப் படித்திருக்கிறேன். இரைப்பையிலும் அதே வரிசைதானா?

நோய்க்குறியியல் மருத்துவர்:
அந்த வரிசையை இரைப்பைக்கு அப்படியே பொருத்த முடியாது. பீட்டா-கேட்டெனின் என்ற புரதம் மிகாமல் பார்த்துக்கொள்வது ஏபிசியின் வேலை. அது பழுதானால் அந்தப் புரதம் உட்கருவுக்குள் சேர்ந்து, செல்லை ஓயாமல் பிரியத் தூண்டும். இரைப்பை அடினோமாக்களில் இப்பழுது அடிக்கடி காணப்பட்டாலும், இரைப்பைப் புற்றுநோயில் குறைவாகவே காணப்படுகிறது. ஆகவே ஏபிசி பழுதான அடினோமாக்களில் பெரும்பாலானவை புற்றாகாமலே நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து.

டிபி53 அப்படியல்ல, டிஸ்ப்ளேசியா முற்ற முற்ற அதன் பழுதும் கூடுகிறது. டிபி53 உருவாக்கும் பி53 புரதத்தைக் காட்டும் சாயமிட்ட ஸ்லைடில், இயல்பான சுரப்பிகளில் உட்கருக்கள் ஆங்காங்கே வெளிர்பழுப்பாகத் தெரியும். பழுதான இடத்திலோ உட்கருக்கள் எல்லாமே அடர்பழுப்பாக இருக்கும், அல்லது ஒன்றில்கூடச் சாயம் ஏறியிருக்காது.

புற்றுநோய் ஆய்வாளர்:
இன்னொரு வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிஎன்ஏ பிழைதிருத்தத்துக்குத் தேவையான எம்எல்எச்1 மரபணுவின் எழுத்துகள் மாறாமலே, அதன் தொடக்கப்பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுக்கள் ஒட்டி அதை ஊமையாக்கிவிடுவதுண்டு. அப்போது டிஎன்ஏ நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்த ஆளிருக்காது. ஒரே எழுத்து திரும்பத்திரும்ப வரும் இடங்கள் நீண்டும் குறுகியும் போக, அத்தகைய இடங்களைத் தமக்குள் கொண்ட டிஜிஎஃப்பிஆர்2, பேக்ஸ் போன்ற கட்டுப்பாட்டு மரபணுக்கள் உடைகின்றன. 2014இல் வெளியான புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டத்தின் ஆய்வில், 295 இரைப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ 22 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. பாதியளவு, டிபி53 பழுது மலிந்த, குரோமோசோம்கள் குலைந்த வகை.

முதுகலை மாணவி:
அப்படியானால் அப்பாவின் திசுவுக்கு மரபணுச் சோதனை செய்யச் சொல்லலாமா?

நோய்க்குறியியல் மருத்துவர்:
இப்போதைக்கு அவசியமில்லை. கிள்ளியெடுத்த பயாப்ஸி கட்டியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும்; முழுக் கட்டியையும் எண்டோஸ்கோபி வழியாக அகற்றிய பிறகு, அறிக்கை 'ஹை கிரேடு' என்று மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அதை முழுமையாக அகற்றுவது பற்றி உங்கள் இரைப்பை-குடல் மருத்துவரிடம் பேசுங்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.